நாலு விநாடி

சாம்பியன் ரீஃப்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ அழுதது உங்கம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லமாட்டேன். கல்லூரி ஃபுட்சால் அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டாய். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. "ஓடத் தெரியாதவளைத்தான் மாமா கோல்ல நிறுத்துவாங்க" என்றாய். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வாயில் வரவில்லை. ராத்திரி படுத்தபிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். காலையில் மாரிக்குப்பம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் பங்காரப்பேட்டைக்குள் பாதி படித்துவிடலாம்; மீதியை ஒயிட்ஃபீல்டுக்குள் முடித்துவிடு.

என்னையும் பதினாலு வயதில் அப்படித்தான் நிறுத்தினார்கள். பெரிய பையன்கள் பதினோரு பேர் பிரித்துக்கொண்டு மிச்சமிருந்த ஒருத்தன் நான். "நீ போய் கம்பத்துக்கு நடுவுல நில்லு" என்றார்கள். போய் நின்றவன், இருபது வருஷம் அங்கேயே நின்றேன். லைன் சந்தில் ஆரம்பித்து ஜிம்கானா மைதானம் வரைக்கும் போனேன். 2001 பிப்ரவரி கடைசியில் நம் ஊர்த் தங்க மைன்ஸ் மூடியபோது வேலையோடு சேர்ந்து ஆட்டமும் போயிற்று. அதற்கப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே நான் சொல்லப்போவது பெரிய பயிற்சியாளரின் பாடம் என்று நினைக்காதே. அந்த இடத்தில் நின்று பார்த்தவன் சொல்வது.

முதலில் ஒரு விஷயம். நீ ஃபுட்சாலைப் புதிதாகக் கற்றுக்கொள்ளப்போவதாக நினைக்கிறாய். நீ பிறந்ததிலிருந்து பார்த்த ஆட்டம்தான் அது. நம் லைன் வீடுகளுக்கு நடுவில் இருக்கிற சந்தை நினைத்துப் பார். இரண்டு பக்கமும் சுவர், ஓரத்தில் சாக்கடை, இரண்டு செங்கல் வைத்தால் கோல். இடம் இல்லாததால் பந்து தரையோடு தரையாகப் போகும். எதிரி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான். கல்லும் கரடுமாக இருக்கிற தரையில் யாரும் பறந்து விழமாட்டார்கள். காலால், முட்டியால், நெஞ்சால்தான் தடுப்பார்கள். 1930இல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் ஒய்எம்சிஏ பிள்ளைகளுக்காகச் செய்ததும் ஏறக்குறைய அதையேதான். பெரிய மைதானம் இல்லை, மழை வேறு. பந்தைக் கூடைப்பந்துத் தளத்துக்குள் கொண்டுபோனார். கோலின் அளவை ஹேண்ட்பாலிலிருந்தும், கோலிக்கான விதிகளை வாட்டர் போலோவிலிருந்தும் எடுத்துக்கொண்டார். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. ஃபுட்சால் கோலி என்பவர் கால்பந்து கோலியைச் சுருக்கிச் செய்த ஆள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த வேலை வேறு இடத்திலிருந்து வந்தது, அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் அந்த ஆட்டத்தை முறையாகப் பார்த்தது 2016 ஜூலையில், டிவியில். சென்னையில் பிரீமியர் ஃபுட்சால் நடந்தது. ரொனால்டினோவும் ஃபால்காவும் வந்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் அவர்கள் காலைப் பார்த்தார்கள். நான் கோலிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப்பேர் முழங்காலுக்குக் கீழே வரும் நீளக் கால்சட்டை போட்டிருந்தார்கள். பந்து வரும்போது பக்கவாட்டில் தாவவில்லை. பந்தை நோக்கி முன்னால் வந்து, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மறு காலைப் பக்கவாட்டில் நீட்டி, கைகளை உடம்போடு தாழ்த்தி, ஒரு சுவர் போல ஆனார்கள். நம் சந்தில் நாங்கள் பயத்தில் செய்ததை அவர்கள் பழகிச் செய்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நீ பி.எஸ்சி. படிக்கிற பிள்ளை, உனக்கு இது பிடிக்கும். கால்பந்து கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஃபுட்சால் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பெருக்கிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. சின்னதாயிற்றே, சுலபம் என்று தோன்றும். ஆனால் அடிக்கிறவள் எங்கே நிற்கிறாள் என்று பார். பெனால்டிப் புள்ளி 6 மீட்டரில். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து ஒரு விநாடிக்கு 20 மீட்டர் போகும். 6 மீட்டரைக் கடக்க 0.3 விநாடி. கண் பார்த்து, மூளைக்குப் போய், கை அசையத் தொடங்கவே 0.2 விநாடி ஆகிவிடும். மிச்சம் 0.1 விநாடி. அதற்குள் கையை எவ்வளவு தூரம் கொண்டுபோவாய்? கிட்டத்தில் அடித்த பந்தைப் பார்த்துவிட்டுப் பிடிக்கிற கோலி உலகத்தில் கிடையாது. பந்து கிளம்புவதற்கு முன்னாலேயே சரியான இடத்தில் நின்றவள் மேல் பந்து வந்து படுகிறது. பார்க்கிறவர்கள் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். சொல்லட்டும்.

எங்கே நிற்பது? இதற்குப் புத்தகம் வேண்டாம், துணி காயப்போடுகிற கயிறு போதும். கயிற்றின் ஒரு முனையை ஒரு கம்பத்தில் கட்டு. பந்து இருக்கும் இடத்தில் தோழி ஒருத்தியை உட்காரவைத்து, கயிற்றை அவள் கையைச் சுற்றி இழுத்துவந்து மறு கம்பத்தில் கட்டு. இப்போது தரையில் ஒரு முக்கோணம். நீ கோட்டின்மேல் நின்றால் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் 3 மீட்டர். பந்து நேர் எதிரே 10 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள். 3 மீட்டர் முன்னால் வா. கயிறுகளுக்கு நடுவில் 2.1 மீட்டர்தான் இருக்கும். 5 மீட்டர் முன்னால் வா, ஒன்றரை மீட்டர். கையை விரித்தால் இரண்டு பக்கமும் கயிறு தட்டும். அந்தக் கயிறு உன் விரலில் படுகிற உணர்வை நீ மறக்கவேமாட்டாய். பந்து ஓரத்துக்குப் போகட்டும், கயிற்றோடு நீயும் சாய்ந்து நகர். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலும் வீண் என்று நினைக்காதே. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தன் கூட இதைச் செய்தபிறகு பழையபடி கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றதில்லை.

ரொம்ப முன்னால் வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்களே என்று கேட்பாய். போடுவார்கள். ஆனால் ஃபுட்சால் பந்து 4ஆம் நம்பர், 62 முதல் 64 சென்டிமீட்டர் சுற்றளவு, எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் துள்ளக்கூடாது என்று விதியே இருக்கிறது. மந்தமான பந்து, அதைத் தூக்கித் துல்லியமாக இறக்குவது எல்லோருக்கும் வராது. அதைவிட நீ பயப்படவேண்டியது விரல்நுனிக் குத்து. காலைப் பின்னால் வீசாமலே, ஓடுகிற ஓட்டத்தில் பூட்ஸ் முனையால் குத்திவிடுவார்கள். அடிக்கப்போகிறாள் என்பதற்கு அறிகுறியே இருக்காது. அவள் அடிக்கிற காலைப் பார்க்காதே, ஊன்றுகிற காலைப் பார். ஊன்றிய பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் திறக்கிறது, அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

உன் முட்டியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மைன்ஸ் மூடி சில வருஷம் கழித்து ஒரு மண்டபத்தில் ஐந்து பேர் ஆட்டம் வைத்தார்கள். வெறும் சிமெண்ட் தரை. நாப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன், ஆனால் ஆசை விடவில்லை. முட்டிக்கு எதுவும் கட்டாமல் அந்த ஒற்றை முட்டி ஊன்றும் தடுப்பைச் செய்தேன். மூன்றாவது தடவை சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன் பார், அது அன்று வந்தது. நடத்தியவர்கள் ஆட்டம் முடியட்டும் என்று என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் முட்டிக்கவசம் இல்லாமல் இறங்கியது என் தப்புதான். கவசம் இல்லாத நாளில் யார் சொன்னாலும், உன் பயிற்சியாளரே சொன்னாலும், முட்டி ஊன்றும் பயிற்சி செய்யாதே. நின்ற நிலையில் நகர்கிற பயிற்சி செய், பந்து எறிகிற பயிற்சி செய். வேலைக்குப் பஞ்சமே இல்லை.

தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று உனக்குத் தெரியுமா? "மைன்ஸ்ல இருந்தாரு" என்றுதான் உங்கம்மா சொல்லியிருப்பாள். ஷாஃப்ட் வாயில் கேஜுக்கு மணி அடிக்கிற வேலை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழம். கேஜை இறக்கி ஏற்றுகிற வைண்டிங் இன்ஜின் டிரைவருக்குக் கேஜும் தெரியாது, அதில் நிற்கிற ஆளும் தெரியாது. அவருக்குக் கேட்பது மணி ஒன்றுதான். ஆள் ஏறினால் ஒரு கணக்கு, கல் ஏறினால் ஒரு கணக்கு, நிறுத்த ஒரு கணக்கு. அப்பா வீட்டில் கூட அவசரமாகப் பேசி நான் கேட்டதில்லை. "மணியை ஒரு தரம் தப்பா அடிச்சா, அப்புறம் சரியா அடிச்சு என்ன பிரயோஜனம்?" என்பார்.

கோலில் நிற்கும்போது நீ அந்த இடத்தில்தான் இருக்கிறாய். தளத்தில் இருக்கிற ஐந்து பேரில் முழு ஆட்டமும் கண்ணுக்கு முன்னால் விரிந்திருப்பது உனக்கு மட்டும். மற்ற நாலு பேருக்கும் முதுகுப்பக்கம் நடப்பது தெரியாது. ஃபுட்சாலில் நிறைய கோல் எப்படி விழுகிறது தெரியுமா? ஒரு ஓரத்திலிருந்து குறுக்கே பந்து வரும். தூரக் கம்பத்தருகில் ஒருத்தி சும்மா நின்றுகொண்டிருப்பாள். காலை நீட்டினால் கோல். அவள் அங்கே வந்து நின்றதை உன் அணித்தோழி பார்த்திருக்கவேமாட்டாள். நீ பார்த்திருப்பாய். வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தக் கோல் உன் கணக்கு. "ஏய் பாத்துக்கோ" என்று கத்தாதே; யாரைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று அதில் இல்லை. பெயர், பக்கம், இரண்டே சொல். உன் அணியில் தமிழ் தெரிந்தவர்கள் இல்லை என்றாயே, அது ஒரு தடையா நமக்கு? நம் ஊரில் நாலு பாஷை பேசாமல் ஒரு நாளை ஓட்டமுடியுமா? கன்னடத்தில் எட, பல என்று வைத்துக்கொள். இடது, வலதைவிடச் சின்னச் சொல். ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து பேரும் உட்கார்ந்து எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வெட்கப்படாமல் சத்தமாகப் பேசிப் பழகு. பொம்பளைப் பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று யாராவது சொன்னால், தாத்தாவின் மணியை நினைத்துக்கொள்.

இனி, ஓடத் தெரியாதவள் என்று சொன்னாயே, அதற்கு வருகிறேன்.

பந்து உன் கைக்கு வந்ததும் நடுவர் விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பார். உன் பாதித் தளத்தில் பந்தை நீ வைத்திருக்கக்கூடியது 4 விநாடிதான். கையிலும் சரி, காலிலும் சரி. கொடுத்துவிட்டால், எதிரணி யாரும் பந்தைத் தொடாதவரை, உன் தோழி அதை உன் பாதிக்குள் மறுபடி உன்னிடம் தரக்கூடாது. இந்த இரண்டு விதியும் சேர்ந்து என்ன செய்கிறது பார். பெரிய மைதானத்தில் கோலி பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்து மூச்சு வாங்கலாம். உனக்கு அது கிடையாது. தடுத்த அடுத்த விநாடி நீதான் தாக்குதலின் முதல் ஆள். எதிரணி முன்னால் ஏறி வந்திருக்கிறது, திரும்பி ஓட அவர்களுக்கு நேரம் வேண்டும். நீ எறிகிற பந்து அவர்களைவிட வேகமாகப் போகும். தோளுக்கு மேலே கையைச் சுழற்றி எறிந்தால் தளத்தின் மறுபக்கம் போகும். பௌலிங் போலத் தரையோடு உருட்டினால் பக்கத்தில் இருப்பவள் காலுக்குப் போகும். இரண்டும் பழகு. ஒன்று மட்டும் ஞாபகம் வை: கையால் எறிந்த பந்து யார் மேலும் படாமல் நேராக எதிர்க்கோலுக்குள் போனால் கோல் கிடையாது.

தினமும் நூறு எறி. அதில் ஐம்பது நகர்ந்துகொண்டிருக்கும் ஆளுக்கு. பந்தைப் பிடித்ததும் யாரையாவது சத்தமாக நாலு எண்ணச் சொல். முதல் எண்ணில் தலை நிமிரவேண்டும், இரண்டில் யாருக்கு என்று முடிவு, மூன்றில் பந்து கையை விட்டிருக்கவேண்டும். நாலாவது எண் உனக்கு மிச்சம்.

காலும் வேண்டும். பிரேசிலின் ரியோவில் பிறந்து கஜகஸ்தானுக்கு ஆடிய ஒரு கோலி இருக்கிறார், ஹிகுயிட்டா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கொலம்பியாவின் பழைய கோலி ரெனே ஹிகுயிட்டாவின் பெயர் அது. போனில் தேடிப் பார். கோலை விட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போய் நிற்பார். எதிரணிப் பாதிக்குள் போய்விட்டால் அந்தத் திருப்பித் தரக்கூடாத விதி அவரைக் கட்டாது. அவர் அணிக்கு ஐந்து பேர், தடுக்க எதிரணியில் நாலே பேர். ஒருத்தர் எப்போதும் சும்மா நிற்பார், பந்து அவரிடம் போகும். அவருடைய கைராட் அல்மாட்டி 2013இலும் 2015இலும் ஐரோப்பியக் கிளப் கோப்பையை வென்றது. 2021 உலகக் கோப்பையில் கஜகஸ்தான் அரையிறுதிக்கு வந்தது. பிரேசில், அர்ஜென்டினா நடுவில் கஜகஸ்தான்! ஒரு கோலி காலால் ஆடத் தெரிந்தவர் என்பதால் ஒரு நாடே வேறு மாதிரி ஆடியது. இந்த வேலைக்கு ஓடத் தெரியாதவளைப் போடுவார்களா, நீயே சொல்.

நம்மவர் ஒருவரைச் சொல்கிறேன். பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத் கிளப்களில் ஆடிவிட்டு வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வந்தவர். முதலில் சென்டர் ஃபார்வர்டு, கோல் போடுகிறவர். அப்புறம்தான் கோலியானார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோலி என்று பெயர் வாங்கினார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று நாம் தங்கம் வாங்கியபோது கோலில் நின்றது அவர்தான். அதே அணியில் நம் பெங்களூர் அருமைநாயகமும் இருந்தார். எங்கள் காலத்துப் பையன்கள் தங்கராஜின் பெயரைச் சொல்லித்தான் கோலில் இறங்குவோம். கோல் போடத் தெரிந்த மனிதனுக்கு எதிராளி எப்போது, எங்கே அடிப்பான் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும். நீயும் மூன்று வருஷம் ஃபார்வர்டாக ஆடியவள். அது வீணாகப் போகவில்லை.

பிள்ளை, கோல் விழும். நிறைய விழும். கால்பந்தில் 1-0 என்று முடிகிற ஆட்டம் இங்கே 5-3 என்று முடியும். 2023 அக்டோபரில் இந்திய ஆண்கள் அணி முதன்முதலாகச் சர்வதேச ஃபுட்சால் ஆடியது, பஹ்ரைனிடம் 0-5. முதல் அடி அப்படித்தான் இருக்கும். பெண்களுக்கு உலகக் கோப்பையே 2025 நவம்பரில்தான் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. ஆண்களுக்கு 1989இலேயே வந்துவிட்டது. 36 வருஷம் தாமதம். இவ்வளவு தாமதமாக வந்த ஆட்டத்தில் நீ ஆரம்பத்திலேயே உள்ளே இருக்கிறாய். கோல் விழுந்ததும் வலையிலிருந்து பந்தை நீயே எடு. யாரையும் முறைக்காதே. எடுத்து நடுவுக்கு உருட்டிவிடுவதற்குள் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்: நான் எங்கே நின்றேன்? பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதோடு விட்டுவிடு. ராத்திரி நோட்டில் எழுது.

ஒரே ஒரு நேரம் மட்டும் நீ தனியாக இருப்பாய். ஒரு பாதியில் உன் அணி ஆறாவது தப்பு செய்தால், அதிலிருந்து ஒவ்வொரு நேரடி ஃப்ரீ கிக்குக்கும் தடுப்புச் சுவர் கிடையாது. 10 மீட்டரில் பந்து, நடுவில் நீ. பந்திலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் போதும், முன்னால் வரலாம். அந்தக் கயிறு ஞாபகம் இருக்கிறதா? 5 மீட்டரில் ஒன்றரை மீட்டர் இடைவெளி. பயந்து கோட்டுக்குப் போகிறவர்கள் அதை மூன்றாக்கிக்கொள்கிறார்கள். வா, முன்னால் வந்து நில்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். டென்னிஸ் பந்து ஒன்று வாங்கிச் சுவரில் அடித்து ஒரு கையால் பிடி, மாற்றி மாற்றி. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஓடப் போனால் மைன்ஸ் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுப் பக்கம் போகாதே, அதுவும் காற்று அடிக்கிற மாதங்களில். அந்தச் சாம்பல் மண் நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைத் தாத்தா இருமிய இருமலில் நாங்கள் பார்த்தோம். பயிற்சி முடிந்து ராத்திரி ரயிலில் வந்து, விடிவதற்குள் எழுந்து மறுபடி ரயில் பிடிக்கிற பிள்ளைக்குத் தூக்கம்தான் முதல் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாளாவது பெங்களூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொள். உங்கம்மாவிடம் நான் பேசுகிறேன்.

முட்டிக்கவசம் ஒரு ஜோடி ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிவிட்டேன். நடுத்தர அளவு. உங்கம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், டிபன் பையின் அடியில் வைப்பாள். இறுக்கமாக இருந்தால் சொல், கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த ஞாயிறு வரும்போது பூட்ஸோடு வா. சந்தில் கயிறு கட்டி வைத்திருப்பேன். பக்கத்து லைன் பையன்கள் அடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்
மாமா